காத்து சொன்னா கேட்டுக்கணும்!

பாய்மரப் படகில் டூர் கிளம்பி, நடுவழியில் ஒரு தீவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? இதோ ஒரு ஜாலி கைடு... கொஞ்சம் சீரியஸாகவும்!

'மோசமான வானிலை' என்றதும் உங்க மனசுல என்ன வருது? கறுத்த மேகம், இடி, மின்னல், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மைக் பிடிக்கும் டி.வி. ரிப்போர்ட்டர். கரெக்டா?

அப்படியானால் ஆகஸ்ட் மாதம் கிரீஸ் நாட்டின் ஏஜியன் கடல் பக்கம் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும். பொட்டு மேகம் இருக்காது. வெயில் பளீரென்று அடிக்கும். ஆனால் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பாய்மரப் படகுகளில் ஒன்றுகூட நகராது. பாய்மரக் கம்பத்தில் கயிறுகள் 'டங்... டங்...' என்று ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். கடை வாசலில் போட்ட நாற்காலி தானாக நடந்து போகும். உங்க தொப்பியா? அது பறந்துபோய் அரை மணி நேரம் ஆச்சு!

இதற்குப் பெயர் மெல்டெமி. கோடைக்காலம் முழுக்க ஏஜியன் கடலை ஆட்டிப் படைக்கும் வடக்குக் காற்று. பிடித்துக்கொண்டால் மூன்று நாள், ஐந்து நாள், சமயத்தில் ஒரு வாரத்துக்கு மேலேயும் விடாது. அதுவரைக்கும் நீங்க எந்தத் தீவில் படகைக் கட்டினீங்களோ, அதுதான் உங்க ஊர்.

"அடப்பாவிகளா, காசு கொடுத்து கடல்ல சுத்த வந்துட்டு கரையில உட்காரணுமா?" என்று பதறாதீங்க. உட்கார வேண்டாம், சுற்றலாம். எங்கே சுற்றுவது என்பது பாதிக் கதை. ஏன் கரையிலேயே இருக்க வேண்டும் என்பது மீதிக் கதை. ரெண்டையும் பார்த்துடுவோம்.

யார் இந்த மெல்டெமி?

வடக்கே இருந்து வந்தால் வாடை, தெற்கே இருந்து வந்தால் தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை என்று நாம திசைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம் இல்லையா? மத்தியதரைக் கடல்காரர்களும் இந்த விஷயத்தில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. மெல்டெமி என்பது அவங்க ஊர் வாடை. ஒரே வித்தியாசம், நம்ம வாடை மார்கழிக் குளிரில் வரும். அவங்க வாடை உச்சி வெயில் காலத்தில் வரும். மே மாதக் கடைசியில் எட்டிப் பார்த்து, ஜூலை ஆகஸ்ட்டில் உச்சம் தொட்டு, செப்டம்பரில் மெல்லக் கழன்றுகொள்ளும். பழைய கிரேக்கர்கள் இதற்கு வைத்த பெயர் 'எட்டேசியாய்'. வருஷா வருஷம் வருவது என்று அர்த்தம். நம்ம பாடப் புத்தகத்தில் வரும் அதே அரிஸ்டாட்டில் இந்தக் காற்றைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

ஏன் வருகிறது? பால்கன் நாடுகளின் மேல் காற்றழுத்தம் அதிகமாக இருக்கும். துருக்கிப் பக்கம் நிலம் வெயிலில் காய்ந்து காற்றழுத்தம் குறைந்திருக்கும். அதிகத்திலிருந்து குறைவை நோக்கி ஓடும் காற்று, நடுவில் இருக்கும் ஏஜியன் கடலைத் தன் ஹைவேயாக ஆக்கிக்கொள்கிறது. இதில் நமக்கு ஒரு ஸ்பெஷல் செய்தி உண்டு. துருக்கி மேல் இருக்கும் அந்தக் குறைந்த அழுத்தம், நம்ம தென்மேற்குப் பருவமழையோடு சம்பந்தப்பட்ட மாபெரும் ஆசியத் தாழ்வழுத்தத்தின் மேற்கு வால்தான். அதாவது கேரளாவில் குடை விரிய வைக்கிற சமாச்சாரத்துக்கும், கிரீஸில் தொப்பி பறக்க வைக்கிற சமாச்சாரத்துக்கும் சொந்தம் இருக்கு!

எவ்வளவு வேகம் என்பதைச் சொல்ல மாலுமிகள் 'போஃபோர்ட்' எண்ணைச் சொல்வார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் போஃபோர்ட் 1805-ல் போட்ட கணக்கு. பூஜ்யம் என்றால் கடல் கண்ணாடி. 6 என்றால் மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர், குடை பிடிப்பதே கஷ்டம். 7 என்றால் 50 முதல் 61. 8 என்றால் 62 முதல் 74, எதிர்க்காற்றில் நடப்பதே கஷ்டம். மெல்டெமி சர்வ சாதாரணமாக 5, 6, 7 என்று வீசும். கோபம் வந்தால் 8. ரெண்டு தீவுகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் இன்னும் எகிறும். நம்ம தெருவில் ரெண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவே நிற்கும்போது காற்று பிய்த்துக்கொண்டு போகுமே, அதே கதைதான்.

போகும்போது ஜாலி, திரும்பும்போது காலி!

ஐரோப்பாவில் மேல்படிப்பு படிக்கப் போன நம்ம பசங்க நிறைய பேர் இப்போது எட்டுப் பேர், பத்துப் பேராகச் சேர்ந்து ஒரு பாய்மரப் படகை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஓட்டத் தெரிந்து, லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒருத்தர் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்கிப்பரையும் சேர்த்தே அமர்த்திக்கொள்ளலாம். வழக்கமான கணக்கு சனிக்கிழமை டு சனிக்கிழமை. ஏதென்ஸ் பக்கம் அலிமோஸ் அல்லது லாவ்ரியோவில் படகைக் கையில் வாங்கி, தீவுகளைச் சுற்றிவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் மெல்டெமி ஒரு பொறி வைக்கிறது. முதல் மூன்று நாள் நீங்க தெற்கே போறீங்க. காற்று முதுகில் தள்ளுகிறது. படகு பறக்கிறது. "சூப்பர் மச்சி! இன்னும் ஒரு தீவு போலாம்" என்று எல்லாருக்கும் தைரியம் வருகிறது. சைக்ளேட்ஸ் தீவுகளிலேயே பெரிய தீவான நாக்ஸோஸ் வரைக்கும் வந்தாச்சு. இப்போ திரும்பணும்.

நாக்ஸோஸிலிருந்து லாவ்ரியோ சுமார் 70 கடல் மைல். கிலோமீட்டரில் சொன்னால் 130. சென்னையிலிருந்து திண்டிவனம் போகிற தூரம்தான். ஆனால் பாய்மரப் படகின் வேகம் மணிக்கு 5, 6 கடல் மைல். கடல் அமைதியாக இருந்தாலே 12 முதல் 14 மணி நேரம் ஆகும். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகவே போகாது. சுமார் 45 டிகிரி சாய்ந்து, 'இசட்' போட்டு, 'இசட்' போட்டுத்தான் முன்னேற முடியும். லாவ்ரியோ இருப்பது வடமேற்கே. காற்று வருவது வடக்கே இருந்து. ஸோ, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, ஒவ்வொரு அலையையும் தோளில் வாங்கிக்கொண்டு, உள்ளே எட்டுப் பேரும் வாந்தி எடுத்துக்கொண்டு... அனுபவசாலிகளே யோசிக்கிற பயணம் இது. அதனால்தான் பல வாடகைப் படகு நிறுவனங்கள் காற்று குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கிளம்பவே கூடாது என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பார்கள்.

பெரிய பயணிகள் கப்பல்களுக்கே காற்று 8, 9 என்று எகிறினால் துறைமுக அதிகாரிகள் தடை போடுவார்கள். கிரேக்கத்தில் அந்தத் தடைக்குப் பெயர் 'அபாகோரெஃப்டிகோ'. நம்ம ஊர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் மீனவர்கள் வலையைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் இல்லையா? அங்கே இந்த ஒரு வார்த்தை போதும், ஊரே புரிந்துகொள்ளும்.

படகைக் கட்டியாச்சா? நல்லா கட்டியாச்சா?

ஊர் சுற்றக் கிளம்புமுன் ஒரு நிமிஷம். கரையில் கட்டிய படகும் காற்றில் ஆடும் படகுதான். கட்டுக்கயிறுகளை ரெட்டிப்பாகப் போடுங்க. கயிறு கல்லில் உரசும் இடத்தில் பழைய துணியையோ, ஹோஸ் துண்டையோ சுற்றுங்க. பக்கத்துப் படகோடு மோதாமல் இருக்கத் தொங்கவிடும் ரப்பர் உருளைகள் சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்க. நங்கூரம் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்க. முக்கியமாக, எட்டுப் பேரும் ஒரேயடியாகக் கிளம்பாதீங்க. ஒருத்தரோ ரெண்டு பேரோ முறை போட்டுக்கொண்டு படகில் இருக்கட்டும். பக்கத்துப் படகின் நங்கூரம் நழுவினால், மோதப் போவது உங்க படகில்தான்.

எல்லாம் முடிந்ததா? இப்போ கிளம்புவோம்.

முதல் நாள்: வாசல் மட்டும் இருக்கு, வீடு எங்கே?

நாக்ஸோஸ் துறைமுகத்துக்குள் நுழையும்போதே உங்களை வரவேற்பது ஒரு பிரமாண்டமான பளிங்கு வாசல். பெயர் போர்டாரா. உயரம் சுமார் 6 மீட்டர். உள்ளே கோயிலைத் தேடாதீங்க, வாசல் மட்டும்தான் நிற்கிறது. கி.மு. 530 வாக்கில் லிக்டாமிஸ் என்கிற ஆட்சியாளர் அப்போலோவுக்குப் பெரிய கோயில் கட்ட ஆசைப்பட்டார். கோயில் முடிவதற்குள் அவர் ஆட்சி கவிழ்ந்தது. வேலை பாதியில் நின்றது. பின்னால் வந்தவர்கள் மற்ற கற்களையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போய் கோட்டை, வீடு கட்டினார்கள். வாசலின் கற்கள் மட்டும் ஒவ்வொன்றும் சுமார் 20 டன். தூக்க முடியவில்லை, விட்டுவிட்டார்கள். 2500 வருஷமாக மெல்டெமி அந்த வாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருக்கிறது.

போர்டாராவுக்குப் போகும் ஒற்றையடிப் பாலத்தில் அலை தெறித்து உங்களைக் குளிப்பாட்டும். கேமரா பத்திரம்!

இந்த இடத்துக்கு ஒரு காதல் கதையும் உண்டு. கிரீட் தீவின் சிக்கலான கோட்டைக்குள் வழி தெரியாமல் தவிக்க இருந்த இளவரசன் தீசியஸுக்கு, நூல்கண்டைக் கொடுத்துக் காப்பாற்றியவள் இளவரசி அரியாட்னே. ரெண்டு பேரும் கப்பலில் கிளம்பி நாக்ஸோஸ் வந்தார்கள். அவள் தூங்கும்போது அவன் மட்டும் பாயை விரித்துக் கிளம்பிவிட்டான். நோட்ஸ் கொடுத்துப் பாஸ் பண்ண வைத்த பெண்ணை ரிசல்ட் வந்ததும் கழட்டிவிட்ட கதை! ஆனால் அரியாட்னே அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. அந்தத் தீவுக்கு வந்த கடவுள் டயோனிசஸ் அவளை மணந்துகொண்டார் என்று கதை முடிகிறது. அவசரமாகக் கிளம்பிய தீசியஸோ, உயிரோடு வந்தால் வெள்ளைப் பாய் கட்டுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னதை மறந்து, கறுப்புப் பாயோடு ஊர் போய்ச் சேர்ந்தான். தூரத்தில் கறுப்பைப் பார்த்த அப்பா ஏஜியஸ் கடலில் குதித்து உயிரை விட்டார். ஏஜியன் கடல் என்ற பெயரே அப்படித்தான் வந்தது என்பார்கள்.

மாலையில் மேட்டின் மேல் இருக்கும் காஸ்ட்ரோ கோட்டைக்கு ஏறுங்கள். 1207 வாக்கில் வெனிஸ் நகரத்து மார்கோ சனுடோ இந்தத் தீவைப் பிடித்துக் கட்டியது. சந்துகள் அவ்வளவு குறுகல், அவ்வளவு வளைவு. கடற்கொள்ளைக்காரர்களைக் குழப்ப ஒரு ஐடியா, காற்றின் வேகத்தை உடைக்க இன்னொரு ஐடியா. துறைமுகத்தில் பேய்க்காற்று அடித்தாலும் இந்தச் சந்துகளுக்குள் நுழைந்தால் திடீரென்று அமைதி. 'சோர்பா'வை எழுதிய நிகோஸ் கசான்ட்சாகிஸ் சின்னப் பையனாக இருந்தபோது, கிரீட்டில் கலவரம் என்று குடும்பம் இங்கே வந்துவிட, இந்தக் கோட்டைக்குள் இருந்த பிரெஞ்சுப் பள்ளியில்தான் கொஞ்ச காலம் படித்தார்.

ரெண்டாம் நாள்: பஸ் ஏறு, மலை ஏறு!

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்ட். உள்ளே போகப் போக கடல் மறைந்து, ஆலிவ் தோப்புகளும் உருளைக்கிழங்கு வயல்களும் வரும். ஆமாம், உருளைக்கிழங்கு! நாக்ஸோஸ் உருளைக்கிழங்குக்கு கிரீஸ் முழுக்க மவுசு. காய்கறித் தோட்டங்களைச் சுற்றி நாணல் வேலி கட்டியிருப்பதைக் கவனியுங்கள். மாட்டுக்காக இல்லை, மெல்டெமிக்காக!

ஹால்கி கிராமத்தில் இறங்கினால் 1896 முதல் நடந்துவரும் ஒரு பழைய வடிசாலை. நம்ம நாரத்தைக்குச் சொந்தக்காரரான ஒரு பழமரத்தின் இலையிலிருந்து 'கிட்ரோன்' என்கிற மதுவை வடிக்கிறார்கள். குடிக்காதவர்கள் பழைய செம்புப் பாத்திரங்களை வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். படகில் காவல் முறை இருக்கிறவர்களும் வேடிக்கையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது அபெராந்தோஸ். மலைமேல் இருக்கும் கிராமம். தெருவுக்கே பளிங்கு போட்டிருக்கிறார்கள். இன்ஜினீயரிங், ஐ.டி.ஐ. பசங்களுக்கு இங்கே ஒரு சர்ப்ரைஸ். வொர்க்ஷாப்பில் இரும்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்த எமரி பேப்பர் ஞாபகம் இருக்கா? அந்த எமரி என்கிற கல்லுக்கு உலகப் பெயர் பெற்ற இடம் இந்த ஊரைச் சுற்றியிருக்கும் சுரங்கங்கள்தான். மலையிலிருந்து மூட்ஸூனா துறைமுகத்துக்குக் கல்லை இறக்க 1920-களில் போட்ட ரோப்-வேயின் தூண்கள் இன்னும் நிற்கின்றன.

இந்தக் கிராமத்துப் பிள்ளை ஒருத்தரின் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். மனோலிஸ் கிளேஸோஸ். 1922-ல் இங்கே பிறந்தவர். 1941-ல் ஜெர்மானிய நாஜிப் படை ஏதென்ஸைப் பிடித்து, அக்ரோபோலிஸ் குன்றின் மேல் ஸ்வஸ்திகா கொடியை ஏற்றியிருந்தது. மே 30-ம் தேதி இரவு, அப்போஸ்தோலோஸ் சாந்தாஸ் என்கிற நண்பரோடு குன்றின் மேல் ஏறி அந்தக் கொடியை இறக்கினார் கிளேஸோஸ். அப்போது அவருக்கு வயசு 18! பின்னாளில் பலமுறை ஜெயில், அரசியல், எம்.பி. பதவி என்று வாழ்ந்து 2020-ல் 97 வயதில் மறைந்தார். பீச்சில் மட்டும் கிடந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கிராமம் கண்ணில் படாது. காற்று நிறுத்தி வைத்ததால் உங்களுக்குப் பட்டது.

மூணாம் நாள்: அரியர் வைத்த சிலை!

தீவின் வடக்கு முனையில் அப்பொலோனாஸ். பஸ் வளைந்து வளைந்து போகும், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். மெல்டெமி நேராக வந்து மோதும் கடற்கரை இது. அலைகள் பாறையில் மோதி எழும்புவதைப் பார்த்தாலே, "இன்னிக்குக் கிளம்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

ஊருக்கு மேலே பழைய கல் குவாரி. அதில் மல்லாக்கப் படுத்திருக்கிறது ஒரு பளிங்கு மனிதன். நீளம் 10 மீட்டருக்கு மேல். கி.மு. 6-ம் நூற்றாண்டு வாக்கில் செதுக்க ஆரம்பித்து, தாடி தெரியும் அளவுக்குக் கொண்டுவந்து, அப்படியே விட்டுவிட்டார்கள். டயோனிசஸ் சிலையாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். மெலனெஸ் பக்கம் ஃபிளேரியோவிலும் இதே மாதிரி, காலுடைந்து கைவிடப்பட்ட சிலைகள் தோட்டத்துக்குள் படுத்திருக்கின்றன. முடியாத கோயில், முடியாத சிலை... அரியர் வைத்தவர்களுக்கு நாக்ஸோஸைவிட ஆறுதலான தீவு உலகத்திலேயே கிடையாது!

ஒரே ஒரு எச்சரிக்கை. சைக்ளேட்ஸின் உயரமான மலையான ஸாஸ் இங்கேதான் இருக்கிறது, சுமார் 1000 மீட்டர். ஜீயஸ் வளர்ந்த மலை என்று கதை. காற்று பலமாக இருக்கும் நாளில் உச்சிக்கு ஏறாதீங்க. கடலில் தள்ளுகிற அதே காற்றுதான் மலை முகட்டிலும் தள்ளும்.

சனிக்கிழமை என்கிற பூதம்

மூன்று நாள் சுற்றியாச்சு. இன்று வியாழன். நாளை சாயங்காலம் படகு லாவ்ரியோவில் இருக்க வேண்டும். சனிக்கிழமை ஃபிளைட். திங்கட்கிழமை ஒருத்தனுக்கு எக்ஸாம், இன்னொருத்திக்கு இன்டர்வியூ. காற்று இன்னும் 7. இப்போதுதான் படகுக்குள் அந்தக் குரல் கேட்கும். "அவ்ளோ ஒண்ணும் மோசமா இல்ல மச்சி. கிளம்பிடலாம்."

கடலில் ஆளைக் கவிழ்ப்பது பல சமயம் காற்று இல்லை, காலண்டர். போன வாரம் இதே காற்றில் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கக்கூடிய அதே ஆள், டிக்கெட் தேதி நெருங்கும்போது "பார்த்துக்கலாம்" என்கிறான். காற்று மாறவில்லை. கணக்குதான் மாறிவிட்டது.

கிரேக்கர்கள் இதை மூவாயிரம் வருஷத்துக் கதையாகவே வைத்திருக்கிறார்கள். டிராய் நகரத்தின் மேல் படையெடுக்க ஆயிரம் கப்பலோடு ஔலிஸ் துறைமுகத்தில் காத்திருந்தார் அகமெம்னான். காற்று ஒத்துழைக்கவில்லை. பொறுமை போய்விட்டது. தேவதை ஆர்டெமிஸின் கோபம் தணிய மகள் இபிஜீனியாவைப் பலி கொடுக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்ல, பெற்ற மகளையே பலிபீடத்துக்கு அனுப்பினார். கடைசி நொடியில் தேவதை அவளை மாற்றி ஒரு மானை வைத்துவிட்டாள் என்றும் ஒரு கதை உண்டு. எப்படியோ காற்று மாறியது, போரும் ஜெயித்தது. ஆனால் பத்து வருஷம் கழித்து வீடு திரும்பிய அகமெம்னானை, மகளை மறக்காத மனைவியே கொன்றாள். காத்திருக்க முடியாதவன் எதைக் கொடுத்துக் காற்றை வாங்கினான் பாருங்கள்.

கதை வேண்டாம், நிஜம் சொல்லு என்கிறீங்களா? நாக்ஸோஸுக்கு எதிரே கண்ணுக்குத் தெரியும் தீவு பாரோஸ். 2000 செப்டம்பர் 26 இரவு, 8-ம் எண் காற்றில், 'எக்ஸ்பிரஸ் சமினா' என்ற பயணிகள் கப்பல் பாரோஸ் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் போர்டெஸ் பாறையில் மோதி மூழ்கியது. 500 பேருக்கு மேல் இருந்த கப்பலில் 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த விபத்துக்குக் காற்றைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியவில்லை. கப்பலை ஓட்டியவர்களின் கவனக்குறைவுதான் காரணம் என்று வழக்கில் தண்டனை கிடைத்தது. ஆனால் தண்ணீருக்குள் விழுந்தவர்களுக்கு அந்தக் காற்றும் அலையும் எமனாகின. அதே காற்றில் சின்னச் சின்ன மீன்பிடிப் படகுகளை எடுத்துக்கொண்டு பாரோஸ் மீனவர்கள் காப்பாற்றப் போனார்கள். கடலை அறிந்தவர்கள் பயந்தாங்கொள்ளிகள் இல்லை. எதற்குக் கிளம்ப வேண்டும், எதற்குக் கிளம்பக் கூடாது என்று தெரிந்தவர்கள். ஃபிளைட்டைப் பிடிப்பது, கிளம்ப வேண்டிய காரணங்களின் பட்டியலில் இல்லை.

சரி, ஃபிளைட்டுக்கு என்னதான் வழி? இருக்கு. சிறிய படகு கிளம்ப முடியாத காற்றிலும் பெரிய கப்பல்கள் ஓடும். நாக்ஸோஸிலிருந்து ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம் சுமார் ஐந்து மணி நேரம். படகு நிறுவனத்துக்கு போன் போட்டு நிலைமையைச் சொல்லுங்கள். படகில் ஸ்கிப்பரும் தெரிந்த ஒருத்தரும் மட்டும் காற்று தணியும்வரை இருந்துவிட்டு, மற்றவர்கள் கப்பலில் கிளம்பலாம். அல்லது படகை அங்கேயே ஒப்படைத்து, கொண்டுவரும் ஆளுக்குக் காசு கொடுக்கலாம். செலவாகும், வலிக்கும். எட்டாகப் பங்கு போட்டால் வலி எட்டில் ஒரு பங்கு!

நம்ம வீட்டுக்கும் வந்தவங்கதான்

காற்றுக்குக் காத்திருப்பது என்னமோ வெளிநாட்டு சமாச்சாரம் என்று நினைக்காதீங்க. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், கிரேக்க மொழி பேசிய வணிகர்கள் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து ஜூலை மாதம் கிளம்பி, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வந்தார்கள். பொன்னைக் கொடுத்து மிளகு வாங்கினார்கள். நம்ம சங்கப் பாடல்கள் சொல்லும் யவனர்கள் இவர்கள். வாங்கியதும் திரும்ப முடிந்ததா? முடியாது. வடகிழக்குக் காற்று எழும்பும்வரை மாதக் கணக்கில் இங்கேயே இருந்தார்கள். மார்கழி, தை வாக்கில்தான் பாய் விரித்தார்கள். அந்தக் காத்திருப்பில் அவர்கள் நம்ம சந்தையைப் பார்த்தார்கள், சோறு தின்றார்கள், நாலு வார்த்தை பேசக் கற்றார்கள். காற்று மட்டும் உடனே திரும்பியிருந்தால், மிளகு மூட்டையை ஏற்றிக்கொண்டு மறுநாளே போயிருப்பார்கள்.

கிளம்பும் முன் கவனிங்க!

* ஜூலை, ஆகஸ்ட்டில் முதல் பாதி வாரத்திலேயே தெற்கே வெகுதூரம் போகாதீங்க. திரும்பி வரும் வழிக்குக் குறைந்தது ரெண்டு நாள் உபரியாக வையுங்க.

* முதல் தடவை என்றால் சைக்ளேட்ஸை விட்டுவிட்டு, ஏதென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சரோனிக் வளைகுடாவைத் தேர்ந்தெடுங்க. ஐகினா, போரோஸ் தீவுகள் அங்கே உண்டு. காற்று பொதுவாகச் சாது.

* படகைத் திருப்பித் தரும் நாளுக்கும் ஃபிளைட்டுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்க. அந்த ஒரு நாள்தான் உங்க இன்ஷூரன்ஸ்.

* காலை, மாலை ரெண்டு வேளையும் வானிலை அறிக்கை பாருங்க. ஒரே ஆப்பை நம்பாதீங்க. துறைமுகத்தில் வலை தைக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. கை சைகை போதும், பாஷை வேண்டாம்.

* கிளம்பலாமா வேண்டாமா என்பதை ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாதீங்க. ஸ்கிப்பர் 'நோ' என்றால் நோ. குரூப்பில் ஒருத்தர் "பயமா இருக்கு" என்று சொன்னால் கிண்டல் அடிக்காதீங்க. பல நேரம் அந்த ஒருத்தருக்குத்தான் கண் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

* தினமும் கட்டுக்கயிறுக்கு ஒரு முறை, வீட்டுக்கு ஒரு போன். ரெண்டையும் மறக்காதீங்க. அம்மாவிடம் "காத்து நிக்கட்டும்னு கரையில இருக்கோம்மா" என்று சொல்லிப் பாருங்க. இந்த டூரிலேயே அவங்களுக்கு ரொம்பப் பிடித்த செய்தி அதுவாகத்தான் இருக்கும்!